கொம்பு தனி, கால் தனி

என் தங்கைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் ஒன்று, வீட்டில் வைத்த பெயர் ஒன்று. இரண்டையும் நான் பயன்படுத்தியதில்லை. எனக்கு அவள் கொசு. சின்ன வயதில் என் காதோரம் வந்து நின்றுகொண்டு ஓயாமல் பேசுவாள். விரட்டினால் அடுத்த காதுக்கு வருவாள். அப்போது கோபத்தில் கத்திய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்குப் பேரன் பிறந்த பிறகும் கொசு என்றுதான் கூப்பிடுகிறேன், அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

காலையில் வீடியோ காலில் வருவாள். பேச வருவாள் என்று சொல்ல முடியாது. போனைச் சமையல் மேடையில் எதன்மீதாவது சாய்த்து வைத்துவிட்டு அவள் காய் நறுக்குவாள், நான் இங்கே என் வேலையைப் பார்ப்பேன். அவள் போனை வைக்கிற லட்சணத்தில் எனக்குத் தெரிவதெல்லாம் அவள் நெற்றியும், மேலே சுற்றுகிற ஃபேனும்தான். நடுநடுவே, “இந்தக் கத்தி ஒண்ணுக்கும் ஆகாது” என்பாள். நான் “ம்” என்பேன். அவள் கணவர் இறந்த பிறகு ஆரம்பித்த பழக்கம் இது. அவளுக்குத் துணையாக நான் இருப்பதாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பேச்சு வந்து வந்து போய், கடைசியில் வருவதையே நிறுத்திக்கொண்டது. இரண்டாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் சரிபார்ப்பது என் தொழில். யாரோ மொழிபெயர்த்து அனுப்புவார்கள். நான் எழுத்துப்பிழை பார்த்து, ஆள் வாய் திறக்கும்போது வரி வந்து, வாய் மூடும்போது போகிற மாதிரி பொருத்துவேன். நாள் முழுக்க என் அறையில் சண்டை, அழுகை, சமாதானம் எல்லாம் நடக்கும். எதுவும் என்னுடையது இல்லை.

இந்த வேலைக்குப் படம் ஒரு பக்கம், எந்த நொடியில் எந்த வரி என்று காட்டும் நேரக்கோடு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று எல்லாம் ஒரே சமயத்தில் கண்ணில் பட வேண்டும். சாதாரணக் கம்ப்யூட்டரில் ஜன்னல்கள் துவைக்கப் போட்ட துணி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். தேடி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். அதனால் நான் வேறு வகை விண்டோ மேனேஜர் வைத்திருக்கிறேன். அதில் ஒரு ஜன்னல் இன்னொன்றின்மீது ஏறாது. தரைக்கு டைல்ஸ் பதிக்கிற மாதிரி ஒன்றை ஒட்டி ஒன்று, இடைவெளி இல்லாமல் நிற்கும். புதிதாக ஒன்றைத் திறந்தால் இருப்பவை ஒடுங்கி இடம் விடும். ஒன்றை மூடினால் மிச்சமிருப்பவை விரிந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். எது எங்கே, எவ்வளவு அகலத்தில் நிற்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் நாமே விதிகளாக எழுதி வைக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் வாழ்க்கைத் தத்துவம் பேச ஆரம்பிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. இது ஒரு மென்பொருள். சொன்னதைச் செய்யும். மனிதர்களில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து.

அந்தக் கோப்பில் நான் செலவழித்த நேரத்தில் ஒரு வீடே கட்டியிருக்கலாம். திரையில் ஒன்பது மேசைகள் உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும், ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்தது வரும். ஒன்று வேலைக்கு. ஒன்று அகராதிக்கு. சாப்பாட்டுக்கென்றே ஒன்று: செய்தி மேலே, ஏதாவது ஒரு பழைய நகைச்சுவைக் காட்சி கீழே, கீபோர்டைத் தள்ளிவிட்டுத் தட்டை வைத்துக்கொள்ள வசதியாக எல்லாம் திரையின் மேல்பாதியில். தனியாகச் சாப்பிடுகிறவன் எதையாவது பார்த்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மெல்லுகிற சத்தம் பெரிதாகக் கேட்கும்.

கொசுவுக்கும் ஒரு விதி எழுதியிருந்தேன். அவள் போனில் பெயர் போடுகிற இடத்தில் நான்தான் ‘கொசு’ என்று தட்டிக் கொடுத்திருந்தேன், அவள் அழைத்தால் அதுவே ஜன்னலுக்குத் தலைப்பாக வரும். தலைப்பில் ‘கொசு’ என்று இருக்கும் ஜன்னல் திறந்தால் அது வேலை மேசையில், வலது ஓரத்தில், ஒல்லியாக வந்து நிற்க வேண்டும். இதை ஒரு நாள் அவளிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

“எனக்கு எவ்வளவு இடம் குடுத்திருக்க?” என்று கேட்டாள்.

“போதுமான இடம்.”

“போதுமானதுன்னா? காட்டு.”

திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். பார்த்தாள். “இதுக்குப் பேர் ஜன்னலாண்ணா? இது சந்து. குறுக்க ஒரு மாடு வந்தா நான் திரும்பிப் போகணும்” என்றாள். அதிலிருந்து காலையில் வரும்போதெல்லாம், “சந்துக்காரி வந்துட்டேன்” என்பாள்.

அவள் வந்ததை எனக்கு மணியடித்துச் சொல்ல வேண்டியதில்லை. காதில் ஹெட்போனோடு படத்தின் வசனம் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு நடுவில் மணியடித்தால் எரிச்சல் வரும் என்று எல்லா மணியையும் நிறுத்தி, போனையும் அணைத்தே வைத்திருந்தேன். வேலை ஜன்னலின் வலது ஓரம் சட்டென்று உள்ளே ஒடுங்கும். கொசு வந்துவிட்டாள் என்று அர்த்தம். எனக்கு அதுதான் மணி.

அவளுடைய மகன், எனக்கு மருமகன் முறை, வெகுதூரத்தில் வேறொரு நாட்டில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு வீடு பிடித்திருந்தான். அம்மாவை நிரந்தரமாக வந்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் காலை கொசு காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, போனைக் கையில் எடுத்தாள். அவள் போனைக் கையில் எடுத்தால் விஷயம் பெரிது.

“போகலாம்னு இருக்கேண்ணா” என்றாள். “கீழ ஒரு ரூம் காலியா இருக்காம். தனி பாத்ரூம். ஜன்னலைத் திறந்தா மரம் தெரியுமாம். ‘மாமாவையும் கூட்டிட்டு வாம்மா, அவருக்கென்ன, கம்ப்யூட்டர் இருந்தா போதும்’னு அவன்தான் சொன்னான். நீயும் வந்துடேன்.”

“எனக்கு இங்க வேலை இருக்கு.”

“உன் வேலை கம்ப்யூட்டர்லதானே இருக்கு. எத்தனை நாளைக்கு இப்படிச் சுவரைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்ப?”

அந்தச் சுவர் என்ற சொல் சுருக்கென்று தைத்தது. என் அறையில் சுவர் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அதை இன்னொருவர் சொல்லிக் கேட்கப் பிடிக்கவில்லை. என்னைப் பாவம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். நிதானமாகச் சொன்னேன்:

“நீ போறதுன்னா போ. இங்க ஒரு ஜன்னலை மூடினா மத்ததெல்லாம் தானா விரிஞ்சு அந்த இடத்தை நிரப்பிக்கும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. நானும் அப்படித்தான்.”

போன் மறுபடி மேடைக்குப் போனது. ஃபேன் சுற்றுவது மட்டும் தெரிந்தது. பிறகு, “சரிண்ணா, அடுப்புல இருக்கு” என்று வைத்துவிட்டாள். அடுப்பில் எதுவும் இல்லை. அவள் அடுப்பே இன்னும் பற்ற வைக்கவில்லை. வேலை ஜன்னல் விரிந்து, சந்து இருந்த இடத்தை மூடிக்கொண்டது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

அந்த நாட்களில் எதைப் பார்த்தாலும் எரிச்சல். வேலைக்கு நடுவே ஏதாவது ஒரு ஜன்னல் கேட்காமல் வந்து நின்று, நான் அழகாக அடுக்கி வைத்ததையெல்லாம் நெருக்கித் தள்ளும். புதிய பதிப்பு வந்திருக்கிறது, நிறுவட்டுமா என்று ஒன்று. பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்று ஒன்று. நான் பிரிண்டரைத் தொட்டே எத்தனையோ காலம் ஆகிறது. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு விதி எழுதினேன். நான் கூப்பிடாமல் வருகிற ஜன்னல் எதுவானாலும் ஒன்பதாவது மேசைக்குப் போகட்டும். அங்கேயே கிடக்கட்டும். என்னிடம் வந்து சொல்லவும் வேண்டாம். அந்த மேசைக்குக் கிடங்கு என்று பெயர் வைத்தேன். வேலைக்கு வேண்டிய மென்பொருள்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அப்புறம் கொசுவுக்கு. அந்தக் கோபத்திலும் அவளை நான் கிடங்குக்கு அனுப்பவில்லை என்பதை யாராவது கவனிக்க வேண்டும். ‘கொசு’ என்று தலைப்பு இருந்தால் பழையபடி வலது ஓரம்தான்.

விதி அருமையாக வேலை செய்தது. அதன்பிறகு என் திரையில் எதுவும் அசையவில்லை.

நான் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்பது எளிது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வீம்பு உண்டு, எனக்குக் கொஞ்சம் தாராளமாகவே அளந்து போட்டிருக்கிறார்கள். தலை போனாலும் இறங்கிப் போக மாட்டேன். ஆனால் கோபம் ஆறியபின் உள்ளுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அவள் கூப்பிட்டால், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, “நானும் வர்றேன்” என்று சொல்லிவிடுவது. அதற்கு அவள் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

காலையில் படத்தை ஓடவிட்டுவிட்டு வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓரம் அசையாது. திரையில் ஒருவன் தன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்பான். அது ஒரே வரிதான், கச்சிதமாக அடங்கும். வரியைப் பொருத்திவிட்டு மறுபடி ஓரத்தைப் பார்ப்பேன். ஒரு நாள் பார்சல்காரர் கதவைத் தட்டினார். “யாரு?” என்று கேட்டபோது என் குரல் கரகரவென்று வந்தது. சளி எதுவும் இல்லை. பேசி நாளாகியிருந்தது. அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, தொண்டையைச் சரிசெய்வதற்காக, “நானும் வர்றேன் கொசு” என்று சத்தமாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்கவில்லை. இந்தப் பெரிய திரையை விமானத்தில் தூக்கிக்கொண்டு போக முடியாது. பழைய லேப்டாப் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, அதன் சின்னத் திரைக்கென்று தனியாக ஒரு கோப்பு எழுதினேன். படம் மேலே, நேரக்கோடு அதற்குக் கீழே மெல்லிசாக, எழுத்து பக்கத்தில். இடநெருக்கடியில் எல்லாவற்றையும் அடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு விஷயம் மட்டும் சுலபமாக முடிந்தது. அந்த அமைப்பில் கொசுவுக்கு ஜன்னல் தேவைப்படவில்லை. அவள்தான் பக்கத்து அறையில் இருப்பாளே.

அந்தக் கோப்பை முடித்த அன்று மனது எத்தனை லேசாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வெளியே போய், தேவையே இல்லாமல், ஒரு நல்ல பெட்டி வாங்கி வந்தேன்.

ஓரம் அசையவே இல்லை.

அவள் கிளம்பியிருப்பாள் என்று தோன்ற ஆரம்பித்தது. சொல்லாமலே போய்விட்டாள், நான் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். இரண்டு வாய் சோறு குறைவாகச் சாப்பிட்டேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அவள்மீது கோபம் வரவழைக்கப் பார்த்தேன், வரவில்லை. ஏக்கமாகத்தான் இருந்தது.

அப்படி ஒரு பிற்பகலில் கம்பெனி மேனேஜர் செய்தி அனுப்பினார். ஒரு துப்பறியும் தொடர். கதாநாயகன்மீது குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை என்பதால் ‘கொலைகாரன்’ என்று வருகிற இடத்தையெல்லாம் ‘குற்றம் சாட்டப்பட்டவன்’ என்று மாற்றச் சொல்லியிருந்தார்கள். தேடி மாற்றும் வசதியை வைத்து முந்தின நாளே மொத்தமாக மாற்றி அனுப்பியிருந்தேன். மேனேஜர் எழுதியிருந்தார்: “சார், கொலைகாரன் இன்னும் உள்ளேதான் இருக்கான். நிறைய இடத்துல.”

வாய்ப்பே இல்லை என்று கோப்பைத் திறந்தேன். இருந்தான். என் கண்ணெதிரே வரிக்கு வரி கொலைகாரன். தேடச் சொன்னால் கம்ப்யூட்டர், அப்படி ஒரு சொல்லே இல்லை என்றது.

இது எங்கள் தொழிலில் தினசரித் தலைவலி. தமிழில் ‘கொ’ என்று எழுத, ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். சில கீபோர்டுகள் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகப் பதியும். சிலவற்றில் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் தட்டலாம், அது இரண்டு குறியாகப் பதியும். திரையில் பார்த்தால் எந்த வித்தியாசமும் இல்லை. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒரே ‘கொ’தான். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. மொழிபெயர்த்த புண்ணியவான் இரண்டாவது வகை. அவனை வாயாரத் திட்டிவிட்டு, பிரிந்ததையெல்லாம் ஒட்டவைக்கிற சின்ன நிரல் ஒன்று என்னிடம் உண்டு, அதை ஓட்டினேன். கொலைகாரன் போய்ச் சேர்ந்தான். மேனேஜருக்கு அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.

டம்ளர் பாதி வாயில் இருக்கும்போது அது தோன்றியது. கொலைகாரனுக்கு முதலெழுத்து எதுவோ அதுதான் கொசுவுக்கும் முதலெழுத்து.

தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒன்பதாவது மேசைக்குப் போகும் பொத்தான்மீது விரலை வைத்தேன். இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். அழுத்தினேன்.

கிடங்கில் ஜன்னல்கள் நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி அடுக்கியிருந்தன. அதற்கும் விதி நான் எழுதியதுதான்: முதலில் வந்ததற்குத் திரையில் பாதி, அடுத்ததற்கு மிச்சத்தில் பாதி, அதற்கடுத்ததற்கு அந்த மிச்சத்தில் பாதி. பாதித் திரையை அடைத்துக்கொண்டு பிரிண்டர் மை கேட்டது. அதற்குப் பக்கத்தில், கீழே, மேலே, எல்லாம் கொசு. ‘கொசு: தவறிய அழைப்பு.’ அவள் நெற்றியும் ஃபேனும் இருக்கிற படம். ‘கொசு: தவறிய அழைப்பு.’ உள்ளே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போயின. ஒன்றில் நெற்றி மட்டும். ஒன்றில் ‘கொசு’ மட்டும். கடைசியில் விரல் நகம் அளவுக்கு ஒரு ஜன்னல். அதில் அந்த முதல் கொம்பு மட்டும்தான் தெரிந்தது.

ஒவ்வொரு காலையும் வந்திருக்கிறாள். நான் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே நேரத்தில், திரைக்குப் பின்னால் இருந்த மேசையில் வந்து நின்று, கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். கீபோர்டில் கை வைத்தபடி அழுதேன்.

பெரிய ஜன்னல் ஒன்றில் ‘திரும்ப அழைக்க’ என்று இருந்ததை அழுத்தினேன். புதிய ஜன்னலும் விதிப்படி அந்தக் கூட்டத்திலேயே கடைசி ஆளாகப் போய் நின்றது. ஒரு தீக்குச்சி அகலத்தில் ஏதோ அசைந்தது. ஒரு காதும், காதோரத்து நரைமுடியும்.

“கொசு.”

“சொல்லுண்ணா” என்றாள். வங்கியில் இருந்து பேசுகிறவர்களிடம் சொல்வது போலச் சொன்னாள்.

“நீ கூப்பிட்டது எனக்குத் தெரியாது.”

“உன் பேர் பக்கத்துல பச்சைப் புள்ளி எரிஞ்சுதேண்ணா. தினமும் பார்த்தேன். உன் போனை வழக்கம்போல அணைச்சுப் போட்டிருந்த. சரி, புள்ளி எரியுது, உயிரோடதான் இருக்கான், பேசத்தான் பிடிக்கலைன்னு நினைச்சுக்கிட்டேன்.”

அவள் பேசப் பேச நான் தவறிய அழைப்புகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தேன். ஒன்றை மூடினால் அவள் கொஞ்சம் அகலமாவாள். கன்னம் வந்தது. ஒரு கண் வந்தது. அவளுக்குப் பின்னால் நான் பார்த்திராத ஒரு சமையலறையும், மஞ்சள் வெளிச்சமும் வந்தன. மகன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

“போன் மாத்தினியா?” என்று கேட்டேன்.

“பழசு தண்ணில விழுந்துடுச்சு. நாம சண்டை போட்ட அன்னைக்கே. பையன் புதுசு ஒண்ணு வாங்கி அனுப்பினான். பேர் போடுற இடத்துல முழுப்பேரைப் போடு, இனிஷியலோடன்னு சொன்னான். நான்தான் மாட்டேன்னுட்டேன். அண்ணாவுக்குக் கொசுன்னு வந்தாத்தான் தெரியும்னு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, கொம்பு எங்க இருக்குன்னு தேடி ஒரு தட்டு, கால் எங்க இருக்குன்னு தேடி ஒரு தட்டு. அதுக்கே பாதி நாள் போச்சு.”

கொம்பும் காலும் சேர்ந்தது ஒரு கணக்கு, தனித்தனியாக இருந்தால் வேறு கணக்கு, நான் விதியில் எழுதியது சேர்ந்தது, அவள் தட்டியது தனித்தனி, அதனால் அவளை யாரோ என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கிடங்குக்கு அனுப்பிவிட்டது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

“அப்ப நான் எழுதினது தப்பா?”

“தப்பில்ல. ரெண்டும் சரிதான்.”

“ரெண்டும் சரின்னா அப்புறம் ஏண்ணா என்னை உள்ள விடல?”

பிரிண்டரை மூடினேன். கடைசி ஜன்னல் அதுதான். கொசு திரை முழுக்க விரிந்தாள். அவளை நான் அத்தனை பெரிதாகப் பார்த்ததே இல்லை. போனைச் சாய்த்து வைக்காமல் கையில் பிடித்திருந்தாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இத்தனை நாள் ஒரு சந்தில் நிற்க வைத்து, நெற்றியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“ரூம் எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “மரம் தெரியுதா?”

சேலைத் தலைப்பால் போனைத் துடைத்தாள், அழுக்கு அங்கே இருந்த மாதிரி.

“நான் மாடியில பேரன்கூடப் படுத்துக்கறேன். கீழ ரூம்ல சம்பந்தியம்மா இருக்காங்க. அவங்களுக்கு முழங்கால் முடியல, மாடி ஏற முடியாது. உன்னைக் கேட்டுச் சொல்றேன், பொறுன்னு பையன்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். நீ எடுக்கவே இல்ல. இதுக்கு மேல எப்படிண்ணா பொறுக்கச் சொல்றது? நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. இடம் நிரம்பிடுச்சு.”

குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவளுக்கு அப்படிப் பேச வராது. நடந்ததைச் சொன்னாள்.

“நல்லதாப் போச்சு” என்றேன். “நான் எப்பவோ வரலைன்னு முடிவு பண்ணிட்டேன். எனக்கு இங்கதான் சரிப்படும்.”

நான் பொய் சொன்னால் காது நுனி சிவக்கும். சின்ன வயதில் அதை வைத்தே என்னை அப்பாவிடம் பிடித்துக் கொடுப்பாள். நல்லவேளை, காதை மூடி ஹெட்போன் இருந்தது.

“ஹெட்போனைக் கழட்டுண்ணா” என்றாள்.

“ஒயர் சிக்கியிருக்கு.”

“கழட்டு.”

“அப்புறம் கழட்டறேன், கொசு.”

அவள் கண் கலங்கியது. திரை பெரிதாக இருந்ததால் நன்றாகவே தெரிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழைய குரலில், “இப்ப எனக்கு எவ்வளவு இடம் குடுத்திருக்க? அதே சந்தா?” என்று கேட்டாள்.

“முழுசும் நீதான்.”

“ஆமா, சொன்னாங்க. காதைக் காட்டாம என்ன வேணா சொல்லலாம்.” அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது. “எழுந்துட்டான். இங்க இப்பத்தான் விடியுது. காலையில கூப்பிட முடியாதுண்ணா, இவங்களை எல்லாம் கிளப்பி விடணும். நேரம் கிடைக்கிறப்ப கூப்பிடறேன். எடு.”

“எடுக்கறேன்.”

அழைப்பு முடிந்து ஜன்னல் மூடியது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மேசையில் வேறெதுவும் திறந்திருக்கவில்லை. விரிந்து வந்து இடத்தை நிரப்புவதற்கு ஒரு ஜன்னல்கூட மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் நான்தான் மூடியிருந்தேன். கறுப்பாகக் கிடந்தது. அதில் ஹெட்போன் மாட்டிய ஒரு கிழவன் தெரிந்தான்.

ஹெட்போனைக் கழற்றினேன். காது சுட்டது.

கிடங்கு விதியை முழுவதுமாக அழித்தேன். பிரிண்டர் வரட்டும், யார் வேண்டுமானாலும் வரட்டும். பிறகு லேப்டாப்பை எடுத்து, அந்தச் சின்னத் திரைக் கோப்பைத் திறந்தேன். அத்தனை இடநெருக்கடியில் படத்தையும் எழுத்தையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, கொசுவுக்கு வலது பாதி என்று ஒரு வரி சேர்த்தேன். பெயரை இரண்டு முறை எழுதினேன், கொம்பும் காலும் சேர்ந்து ஒன்று, தனித்தனியாக ஒன்று. எழுதி முடித்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.